சாவு வீட்டுப் பாட்டு மேடை ஏறிய கதை: 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' – ஒரு நீண்ட இழை

1/
வழக்கமா இங்க சர்க்கரை, பி.பி., தூக்கமின்மை, இடுப்புவலின்னு எழுதுவேன். இன்னிக்கு ஒரு இசைக்குழுவோட வரலாறு. பேரு 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. சாதியற்றோர் கூட்டுன்னு வெச்சுக்கலாம். இழை கொஞ்சம் நீளம். ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல போறவங்க பாதி இப்ப, மீதி நாளைக்குன்னு படிச்சுக்கோங்க.

2/
டாக்டருக்கும் பேண்டுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. மூணு சம்பந்தம் இருக்கு. இந்தக் குழுவோட பேருக்குப் பின்னாடி ஒரு மருத்துவர் இருக்கார். இந்தக் குழுவோட சத்தம் சாவு வீட்டுல இருந்து வந்தது. இந்தக் குழுவோட ஒரு பாட்டு என்னை மாதிரி டாக்டர்களைப் பத்தினது. மூணையும் ஒவ்வொண்ணா சொல்றேன். கடைசியில நம்ம ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வந்து சேருவேன்.

3/
முதல்ல ஒரு அடிபட்ட கை. 1960-களின் நடுவுல இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துல ஒரு தகரத் தொழிற்சாலை. டோனி ஐயோமின்னு 17 வயசுப் பையன். அங்க அவனுக்கு வெல்டிங் வேலை. அன்னிக்கு அவனுக்குக் கடைசி நாள். பிரஸ் மெஷின்ல நிக்க வேண்டிய ஆள் வரல, அதனால பழக்கமில்லாத இவனை நிக்க வெச்சாங்க. வலது கையில நடுவிரல், மோதிரவிரல் ரெண்டோட நுனியும் போச்சு.

4/
பையன் இடது கைக்காரன். அதனால கிடார் தந்தியை அழுத்துற கையே அதுதான். 'இனி வாசிக்க முடியாது'ன்னாங்க. ஒரு பிளாஸ்டிக் சோப்பு பாட்டிலை உருக்கி, விரலுக்குத் தொப்பி மாதிரி செஞ்சு, மேல தோல் ஒட்டி அவனே மாட்டிக்கிட்டான். மெல்லிசான தந்தி போட்டான். இருண்ட, கனமான சத்தத்தோட 1970-ல வந்ததுதான் 'பிளாக் சபாத்' குழுவின் முதல் ஆல்பம். ஹெவி மெட்டல்னு ஒரு இசை வகையே அதுல இருந்து கிளம்பிச்சு.

5/
பவர் பிரஸ்ல விரல் போய் வர்ற பசங்களுக்குக் கட்டுப் போடும்போது நான் சொல்ற கதை இது. ஆறுதலுக்காகத்தான் சொல்றேன். ஆனா இதுல வரலாறும் இருக்கு. தொழிற்சாலை இருக்கிற ஊர்ல, அங்க உழைக்கிறவங்க உடம்புல இருந்து ஒரு சத்தம் பிறக்கும். பர்மிங்காம்ல அது ஹெவி மெட்டல். நம்ம சென்னையில அது கானா.

6/
வடசென்னையை நினைச்சுப் பாருங்க. துறைமுகம், பெரம்பூர் ரயில்வே பணிமனை, பின்னி கம்பெனியின் பக்கிங்ஹாம் அண்ட் கர்னாடிக் மில். பெருசுங்க 'பி அண்ட் சி மில்'னு சொல்வாங்க. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், வடஆற்காடு கிராமங்கள்ல நிலம் இல்லாதவங்க, சேரியில இருந்து தப்பிச்சு வந்தவங்க, அங்க கூலியா சேர்ந்தாங்க. மூட்டை தூக்கினாங்க, தறி ஓட்டினாங்க, கரி அள்ளினாங்க. புளியந்தோப்பு, வியாசர்பாடி, ராயபுரம், சூளைன்னு குடியிருப்புகள் உருவாச்சு.

7/
அந்த மில்லைச் சுற்றி ரெண்டு வருஷத்தை மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. 1918: வாடியா, திரு.வி.க. போன்றவர்கள் முன்னின்று மெட்ராஸ் லேபர் யூனியன் தொடங்குது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம்னு வரலாற்றாசிரியர்கள் சொல்வது இதைத்தான். 1921: அதே மில்லில் பெரிய வேலைநிறுத்தம். ஆதிதிராவிடத் தொழிலாளர்கள்ல பெரும்பாலானவங்க வேலைக்குத் திரும்ப, சாதிக் கோட்டுல தொழிலாளர்கள் இரண்டாப் பிளந்தாங்க. புளியந்தோப்புல குடிசைகள் எரிஞ்சது. துப்பாக்கிச் சூடு நடந்தது. உயிர்கள் போச்சு.

8/
மில்லுக்குள்ள பக்கத்துப் பக்கத்துத் தறி. வெளியே வந்தா தனித்தனித் தெரு, தனித்தனித் தண்ணி. மூணு வருஷத்துல கட்டின ஒற்றுமை ஒரு சில மாசத்துல உடைஞ்சதுக்கு முதலாளியோட தந்திரம் மட்டும் காரணம் இல்ல. வேலை முடிஞ்ச பிறகு அவங்க சேர்ந்து வாழவே இல்லை. இந்த 1921-ஐ மனசுல வெச்சுக்கிட்டே மேல படிங்க.

9/
இப்ப கானா. வடசென்னை உழைக்கும் மக்கள், குறிப்பா தலித் மக்கள், வளர்த்த பாட்டு. கச்சேரி மேடை கிடையாது. வாத்தியம் இல்லேன்னா மேசை, தகர டப்பா, தீப்பெட்டி, தொடை, எது கிடைச்சாலும் தாளம். மொழி மெட்ராஸ் பாஷை. காதல், கடன், போலீஸ், சினிமா, மீனு, தத்துவம் எல்லாம் பாட்டுல வரும். ஆனா கானாவோட முக்கியமான மேடை சாவு வீடுதான். இறந்தவரோட வாழ்க்கையை ராத்திரி முழுக்கப் பாடுறதுக்கு 'மரண கானா'ன்னே பேரு. அதைப் பேருக்கு முன்னாடி போட்டுக்கிட்ட பாடகர்களே இருக்காங்க.

10/
டாக்டரா ஒரு விஷயம் சொல்றேன். மார்ச்சுவரி வாசல்ல காத்திருக்கிற குடும்பத்தைப் பார்த்திருக்கேன். துக்கத்துக்கு ஒரு வடிவம் வேணும். இல்லேன்னா அது நெஞ்சுவலியா, தூக்கமில்லாமையா, குடியா மாறி ஆறு மாசம் கழிச்சு எங்க ஓ.பி.க்கு வந்து சேரும். கிராமத்துல ஒப்பாரி அந்த வேலையைச் செஞ்சது. ஊரை விட்டு வந்தவங்களுக்கு வடசென்னையில கானா செஞ்சது. செத்தவன் யாரு, என்ன உழைச்சான், யாருக்கு என்ன செஞ்சான்னு நாலு பேர் முன்னாடி பேர் சொல்லிப் பாடுறது ஒரு மரியாதை. உயிரோட இருந்தப்ப அவனுக்குக் கிடைக்காத மரியாதை.

11/
சினிமா இதை எடுத்துக்கிச்சு. 1990-கள்ல தேவா இசையில கானா தமிழ்நாடு முழுக்கப் போச்சு. 2006-ல 'சித்திரம் பேசுதடி' படத்துல கானா உலகநாதன், 2012-ல பா. இரஞ்சித்தின் முதல் படம் 'அட்டகத்தி'யில கானா பாலான்னு பாடகர்கள் திரையிலேயே பேர் வாங்கினாங்க. ஆனா பெரும்பாலான படங்கள்ல கானாவுக்கு ஒதுக்கின இடம் தெரியும்ல? சாராயக்கடை, ரௌடி அறிமுகம், காதல் தோல்வி. சத்தத்தை எடுத்துக்கிட்டு, அந்தச் சத்தம் எதைப் பத்திப் பேசுச்சோ அதை வாசல்லயே விட்டுட்டாங்க.

12/
2017 கடைசியில இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், 'மெட்ராஸ் ரெக்கார்ட்ஸ்' தொடங்கிய இசையமைப்பாளர் டென்மாவும் கை கோத்தாங்க. டென்மா ஏற்கெனவே 'குரங்கன்'னு ஒரு சுயாதீனத் தமிழ் இசைக்குழுவுல இருந்தவர், ராக் தெரிஞ்சவர். கானா பாடுறவங்க, ராப் பண்றவங்க, தோல் வாத்தியக்காரங்கன்னு நூத்துக்கும் மேல பேரைக் கேட்டுப் பார்த்து, 19 பேரைத் தேர்ந்தெடுத்தாங்க.

13/
2018 ஜனவரி 6. கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின் பள்ளி மைதானம். 19 பேரும் கோட்டு சூட்டோட மேடை ஏறினாங்க. அம்பேத்கர் ஏன் எப்பவும் கோட்டு சூட்டுல இருப்பார்னு தெரிஞ்சவங்களுக்கு அந்த உடைக்கு விளக்கம் தேவையில்ல. ஆயிரக்கணக்குல கூட்டம். பெரம்பூர்ல சங்கம் தொடங்கி சரியா நூறாவது வருஷம். அங்க இருந்து சில கிலோமீட்டர் தூரத்துல இந்த மேடை.

14/
இசையில என்ன புதுசு? ஒரு பக்கம் எலக்ட்ரிக் கிடார், பேஸ், டிரம்ஸ். இன்னொரு பக்கம் சட்டி, கட்டமோளம், பறை, தவில். நடுவுல கானாவும் ராப்பும். சொல்றதுக்கு ஈஸி. பறையோட தோலைத் தீயில காய்ச்சித்தான் சுருதி ஏத்தணும். காத்துல ஈரம் ஏறினா இறங்கிடும். கானா பாடுறவர் அர்த்தத்துக்கு ஏத்த மாதிரி வரியை இழுப்பார், சுருக்குவார். ராக் குழுவோ எண்ணின அடிக்குள்ள நிக்கும். ரெண்டுல ஒண்ணை இன்னொண்ணுக்கு அடக்கி வெச்சா சினிமாப் பாட்டு ஆகிடும்.

15/
இவங்க அப்படி அடக்கல. சட்டியும் கட்டமோளமும் முன்னாடி நிக்குது, கிடார் அதுக்குப் பக்கவாத்தியம் மாதிரிப் போகுது. கானாக்காரரோட பேச்சு வழக்கைத் திருத்தல. இதுதான் அந்தக் குழு செஞ்ச பரிசோதனை. 'உள்ள வா, ஆனா உன் பாஷையை வெளிய விட்டுட்டு வா'ங்கிற நிபந்தனையை எடுத்துட்டாங்க.

16/
இப்ப பேருக்கு வர்றேன். அயோத்திதாச பண்டிதர் (1845–1914). சித்த மருத்துவர். 1891-ல திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். அதே வருஷ மக்கள்தொகைக் கணக்கெடுப்புல, ஒடுக்கப்பட்ட மக்கள் தங்களைச் 'சாதி பேதமற்ற திராவிடர்கள்'னு பதியச் சொன்னார். 1907-ல ராயப்பேட்டையில இருந்து 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகை நடத்தினார். கேஸ்ட்லெஸ்ங்கிற சொல் இறக்குமதி இல்ல. 130 வருஷத்துக்கு முன்னாடி இதே சென்னையில ஒரு வைத்தியர், அரசாங்கப் படிவத்துல எழுதச் சொன்ன பதில்.

17/
தாம்பரம் சானடோரியத்துல இருக்கிற தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பேருதான். ஒரகடம், படப்பை பக்கம் இருந்து அங்க மூட்டுவலிக்குப் போறவங்க நிறைய பேர். அடுத்த தடவை போனா வாசல்ல அந்தப் பேரைப் பாருங்க. நோயைப் பார்த்து மருந்து கொடுத்த கைதான், நோயாளியோட அடையாளத்தையும் திருத்தி எழுதச் சொல்லிச்சு.

18/
மூணாவது சம்பந்தம். அவங்க பாட்டு ஒண்ணு இடஒதுக்கீட்டைப் பத்தினது. ஜனங்க 'கோட்டா பாட்டு'ன்னு சொல்வாங்க. 'கோட்டாவுல வந்தவன்'னு கேலி பண்றவங்களுக்கு, கேலி பண்ற அதே தொனியில பதில்.

அது வந்த நேரத்தையும் பாருங்க. 2017 செப்டம்பர்லதான் அரியலூர் அனிதாவை இழந்தோம். பிளஸ் டூவில 1200-க்கு 1176 எடுத்த பொண்ணு. டாக்டராகணும்னு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போன பொண்ணு.

19/
தமிழ்நாட்டுல மருத்துவ சீட்டும் இடஒதுக்கீடும் ரொம்பப் பழைய சண்டை. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணையை எதிர்த்த செண்பகம் துரைராஜன் வழக்கு மருத்துவக் கல்லூரி இடத்தைப் பத்தினதுதான். 1951-ல உச்ச நீதிமன்றம் அந்த ஆணை செல்லாதுன்னுச்சு. தமிழ்நாடு கொந்தளிச்சது. அதே வருஷம் அரசியலமைப்புச் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது, 15(4) சேர்ந்தது. இந்த நாட்டோட அரசியலமைப்பு முதல் தடவையா திருத்தப்பட்டதுல நம்ம ஊர் டாக்டர் சீட்டுக்கு ஒரு பங்கு இருக்கு.

20/
நானும் ஒதுக்கீட்டுல வந்த டாக்டர்தான். எந்தக் காலேஜ்னு சொல்லப்போறதில்ல. ஒரு சீனியர் வார்டுல நோயாளி முன்னாடியே என்னைப் பார்த்து 'கோட்டா கேஸா?'ன்னு கேட்டார். பரீட்சையில எல்லாருக்கும் பாஸ் மார்க் ஒண்ணுதான். தையல் போட்டா காயம் சேருறதும் எல்லார் கைக்கும் ஒண்ணுதான். இதெல்லாம் அன்னிக்குச் சொல்லத் தோணல. அந்தப் பாட்டை முதல்ல கேட்டப்ப ஹெட்போன்ல கேட்டேன். ரெண்டாவது தடவை ரூம்ல ஸ்பீக்கர்ல போட்டேன். பக்கத்து ரூமுக்குக் கேட்கட்டும்னு வெச்ச சத்தம் அது.

21/
ஒரு பாட்டால என்ன ஆகும்னு கேட்டா, எனக்கு நடந்தது இவ்வளவுதான்: வாதம் பண்ண வேண்டிய அவசியம் குறைஞ்சது. அதுவரைக்கும் நான் மட்டும் சுமந்த ஒரு அவமானத்தை 19 பேர் மேடையில நின்னு சிரிச்சுக்கிட்டே பாடினாங்க. மாட்டுக்கறி, ஆணவக்கொலை, வடசென்னைன்னா ரௌடின்னு காட்டுற படங்கள், அம்பேத்கர். வீட்டுல மெதுவாப் பேசுற விஷயங்களைத் தாளத்தோட சத்தமாச் சொன்னாங்க.

22/
இனி, அந்தக் குழு விட்டுட்டுப் போனது என்ன? பேண்டுன்னா எத்தனை ஹிட்டுன்னு எண்ணுவாங்க. இங்க வேற கணக்கு. அந்த மேடையில இருந்து இறங்கினவங்க எங்க போனாங்கன்னு பாருங்க.

அறிவு: 2019-ல ஓஃப்ரோவோட 'தெருக்குரல்' ஆல்பம். 2021 மார்ச்சுல தீயோட சேர்ந்து 'எஞ்சாய் எஞ்சாமி', தயாரிப்பு சந்தோஷ் நாராயணன். இலங்கைத் தேயிலைத் தோட்டத்துல உழைச்ச தன் பாட்டி வள்ளியம்மாளோட வாழ்க்கைதான் அதுக்கு வேர்னு அறிவு சொன்னார். அந்தப் பாட்டு உலகம் பூரா பல கோடித் தடவை பார்க்கப்பட்டது.

23/
அதே 2021 ஆகஸ்ட்ல 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அந்தப் பாட்டையும் ஒட்டி அட்டைப்படம் போட்டப்ப அதுல அறிவு இல்லை. எழுதினவர் எங்கேன்னு பெரிய சத்தம் கிளம்பினது. பிறகு அவரையும் டிஜிட்டல் அட்டையில கொண்டு வந்தாங்க. கவனிங்க: அதுக்கு முன்னாடி எத்தனையோ கானா எழுதினவங்க பேர் இல்லாம போயிருக்காங்க. யாரும் கேட்டதில்ல. இந்தத் தடவை கேட்டாங்க. கேட்கப் பழக்கினது 2018 மேடை.

24/
இசைவாணி: தொடங்கினப்ப 19 பேர்ல ஒரே பெண். ஆண்கள் உலகமா இருந்த கானாவுல பேர் எடுத்தவர். 2020-ல பிபிசியின் 100 பெண்கள் பட்டியல்ல வந்தார். சபரிமலைத் தீர்ப்பு வந்த 2018-ல, பெண் நுழைவைக் கேட்டு அவர் பாடிய பாட்டுக்காக, ஆறு வருஷம் கழிச்சு 2024 நவம்பர்ல அவர் மேல புகார்களும் மிரட்டல்களும் வந்தது. ஒரு பாட்டு எவ்வளவு நாள் உயிரோட இருக்குன்னு அதைப் பிடிக்காதவங்களும் காட்டிக் கொடுப்பாங்க.

25/
டென்மா: 2019-ல 'இரண்டாம் உலகப்போரின் கடைசி குண்டு', 2022-ல 'நட்சத்திரம் நகர்கிறது' படங்களுக்கு இசை. முதல் படம் காயலான் கடை இரும்பும் லாரி ஓட்டுநரும் சேர்ந்த கதை. நம்ம ரோட்டுல லாரி ஓட்டுறவங்க கட்டாயம் பார்க்கணும்.

2020 டிசம்பர்ல நீலம் பண்பாட்டு மையம் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கினது. மார்கழின்னா சென்னையில சபா சீசன். அதே மாசத்துல பறையும் ஒப்பாரியும் கானாவும் மேடை ஏறினது. அடுத்த வருஷம் மதுரை, கோவைக்கும் போச்சு. மாசத்தையே பங்கு கேட்டாங்கன்னு சொல்லலாம்.

26/
குறையே இல்லையான்னு கேட்டா, இருக்கு. 19-ல ஒரே பெண்ங்கிறது குறைதான். பெரிய இயக்குநர் ஒருத்தர் பின்னாடி நின்னதாலதான் அந்த மேடை அமைஞ்சது. அப்படி ஆள் இல்லாத எத்தனையோ குழுக்கள் தெருமுனையோட நின்னு போச்சு. 'இது பாட்டில்ல, பிரச்சாரம்'னு சொல்றவங்களும் உண்டு. பக்திப் பாட்டும் பிரச்சாரம்தான், காதல் பாட்டும் பிரச்சாரம்தான். பழகின பிரச்சாரம் காதுக்குத் தெரியாது.

27/
இப்ப நம்ம ஊருக்கு வருவோம். பி அண்ட் சி மில் கடைசியா மூடினது 1996. ஹூண்டாய் இந்திய நிறுவனத்தைப் பதிவு பண்ணி இருங்காட்டுக்கோட்டையில வேலை ஆரம்பிச்சதும் அதே 1996. பெரம்பூர்ல ஒரு சைரன் நின்ன வருஷத்துல, பெங்களூரு ரோட்டுல இன்னொண்ணு ஊத ஆரம்பிச்சது. அப்புறம் ஒரகடம், சுங்குவார்சத்திரம், வல்லம் வடகால்னு கார், லாரி, டயர், போன் எல்லாம் இங்கதான். நோக்கியா 2006-ல வந்து 2014-ல போனதையும் பார்த்தோம்.

28/
என் ஓ.பி.க்கு வர்ற பசங்க, பொண்ணுங்க எந்த ஊரு? திருவண்ணாமலை, விழுப்புரம், தர்மபுரி, தென்காசி, ராமநாதபுரம். அப்புறம் ஒடிசா, பீகார், அசாம். லைன்ல எல்லாருக்கும் ஒரே யூனிஃபார்ம், ஒரே தொப்பி. ஆனா வெளிய ரூம் தேடிப் போனா வீட்டுக்காரர் கேக்குற முதல் கேள்வி 'எந்த ஊரு?', ரெண்டாவது 'நீங்க என்ன ஆளுங்க?'. இதை என் கிட்ட சொன்னவங்க ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல. சிலர் பொய் சொல்லி ரூம் பிடிச்சிருக்காங்க. அந்தப் பொய்யைக் காப்பாத்துற பயத்துல தூக்கம் போய் மாத்திரை கேட்டு வந்தவங்களும் இருக்காங்க. மாத்திரையால தீர்ற வியாதியா அது?

29/
அதனாலதான் 1921-ஐ ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேன். உள்ள ஒரே லைன், வெளிய தனித்தனி உலகம். அன்னிக்குப் புளியந்தோப்புல நடந்தது அதுதான். இத்தனைக்கும் இந்த ஸ்ரீபெரும்புதூர் இராமானுசர் பிறந்த ஊர். ரகசியமாச் சொன்ன மந்திரத்தைத் திருக்கோட்டியூர் கோபுரத்து மேல ஏறி எல்லாருக்கும் கேட்கச் சொன்னார்னு கதை இருக்கிற மனுஷர். அந்த ஊர்ல ஒரு பையன் தன் சாதியை மறைச்சாத்தான் ரூம் கிடைக்குதுன்னா, நாம கோபுரத்தை மட்டும்தான் கும்பிட்டிருக்கோம்.

30/
இந்தக் காரிடார்ல இருந்து ஒரு இசைக்குழு வருமா? வரலாறு பார்த்தா, பாட்டு பிறக்க மெஷின் மட்டும் போதாது. பெரம்பூர்ல மில்லும் இருந்தது, மில்லைச் சுத்தித் தெருவும் இருந்தது. தாத்தா, அப்பா, பேரன்னு மூணு தலைமுறை அங்கேயே செத்துப் பிறந்தது. கானா பிறக்க அந்தச் சாவு வீடுகள் வேணும். பேர் சொல்லிப் பாட அந்த ஆளைத் தெரிஞ்ச நாலு பேர் வேணும்.

31/
இங்க? ஒப்பந்தம் முடிஞ்சா ஊர். 2024-ல வல்லம் வடகால்ல பெண் தொழிலாளர்களுக்காக 18,720 படுக்கைகளோட பெரிய விடுதி திறந்தாங்க. நல்ல விஷயம், பாதுகாப்பான இடம் வேணும். ஆனா படுக்கையை எண்ணினா ஊர் ஆகிடாது. எட்டு மணி நேரம் லைன்ல, பயணம் ரெண்டு மணி நேரம், மீதி போன்ல. பஸ்ல பார்க்கிறேன், நாற்பது பேர், நாற்பது இயர்போன். ஒவ்வொருத்தர் காதுலயும் தனித்தனிப் பாட்டு.

32/
காதுன்னதும் டாக்டர் புத்தி வந்துடுச்சு, மன்னிச்சுக்கோங்க. பிரஸ் ஷாப், ஸ்டாம்பிங் பக்கம் நிக்கிறவங்க இயர் ப்ளக் போடாம நிக்காதீங்க. 85 டெசிபலுக்கு மேல தினம் எட்டு மணி நேரம்னா உள்காதுல இருக்கிற மெல்லிய முடி செல்கள் சாகும். செத்தா திரும்ப முளைக்காது. முதல்ல போறது உயர்ந்த சுருதி. அதாவது பாட்டுல தாளம் கேட்கும், வார்த்தை தெளிவா கேட்காது. வார்த்தைதான் முக்கியமான பாட்டுக்கு இதை விடப் பெரிய நஷ்டம் இல்ல.

33/
விஷயத்துக்கு வர்றேன். இந்தக் குழுவோட வரலாறு நமக்குச் சொல்றது ஒண்ணுதான். கூப்பிட்டுக் கேட்கிற வரைக்கும் அந்த 19 பேரும் யாருக்கும் தெரியாத பாடகர்கள். சாவு வீட்டுல பாடினவங்க, சட்டி அடிச்சவங்க, நோட்டுல எழுதி வெச்சவங்க. திறமை புதுசா வரல. ஒரு இடம், ஒரு தேதி, 'உன் பாஷையிலேயே பாடு'ன்னு ஒரு வார்த்தை. அது கிடைச்சதும் வந்தாங்க.

34/
உங்க விடுதியில தென்பாங்கு பாடுற தென்காசிப் பொண்ணு இருப்பா. தப்பு அடிக்கிற தர்மபுரிப் பையன் இருப்பான், ஊர்ல மட்டும் அடிப்பான், இங்க சொல்ல மாட்டான், சொன்னா சாதி தெரிஞ்சுடும்னு பயம். ஒடிசாக்காரர் ஒருத்தர் மாடியில தனியாப் பாடிக்கிட்டு இருப்பார். ஆயுத பூஜைக்கு ஆர்க்கெஸ்ட்ரா வெக்கிற கம்பெனிகள் அந்த மேடையில அரை மணி நேரத்தை இவங்களுக்குக் கொடுக்கலாம். சங்கங்கள் மே தினத்துல கொடுக்கலாம். எதுவும் இல்லேன்னா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடி போதும்.

35/
சேர்ந்து பாடினா சாதி போயிடுமான்னு கேட்டா, போகாது. ஆனா அந்தத் தர்மபுரிப் பையன் எல்லார் முன்னாடியும் தப்பை எடுத்து அடிச்சு, கைதட்டு வாங்கின பிறகு, வீட்டுக்காரர் கேக்குற கேள்விக்குப் பொய் சொல்ல மாட்டான். கூட நாலு பேர் நிப்பாங்க. 1921-ல பெரம்பூர்ல இல்லாம போனது அந்த நாலு பேர்தான்.

36/
உங்க லைன்ல, உங்க விடுதியில பாடுறவங்க, வாசிக்கிறவங்க இருந்தா ரிப்ளைல சொல்லுங்க. பேர் வேண்டாம், எந்த ஊர்ப் பாட்டு, என்ன வாத்தியம்னு மட்டும் போடுங்க. பத்துப் பேர் சேர்ந்தா ஒரு ஞாயிறு பார்த்து உட்காருவோம். மொட்டை மாடிக்கு நான் பொறுப்பு. அடுத்த வாரம் வழக்கம்போல நைட் ஷிஃப்ட்டும் சர்க்கரையும்.